பச்சையம்மாள் படுத்திருந்த ஏழு மாதம்

முதல் நாள்

காஞ்சிபுரம் தாலுகா ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டென்ட்டாக நான் சேர்ந்த முதல் நாள். பதினொரு மணி இருக்கும். ஒரு பெரியவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார், கும்பிட்டார், பிறகு தரையில் விழுந்தார்.

மயக்கம் போட்டுவிட்டார் என்று பதறி எழுந்தேன். தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். பக்கத்து மேஜையில் இருந்த ஹெட் கிளார்க் ராமலிங்கம் சார் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"எழுந்திரு பெரியவரே. அம்மா இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காங்க. பயமுறுத்தாத" என்றார்.

பெரியவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "இல்ல சாமி, வெளியே மனு எழுதுறவருதான் சொன்னாரு. நின்னுக்கினு கேட்டா குடுக்க மாட்டாங்க, வுழுந்து காட்டுன்னாரு."

அது எழுபதுகளின் தொடக்கம். முதியோர் பென்ஷன் வந்து பத்து வருஷம்போல ஆகியிருந்தது. ஆபீஸில் அதை ஓ.ஏ.பி. என்போம். எனக்குக் கொடுத்தது அந்த வேலையைப் பார்க்கிற சீட்டு. புதிதாக வந்தவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். யாரும் அதை விரும்பிக் கேட்டதில்லை. எந்நேரமும் வராந்தா முழுக்கப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கத்திப் பேச வேண்டும். பேர் கேட்டால் ஊர் சொல்வார்கள், ஊர் கேட்டால் செத்துப்போன பிள்ளையின் கதையைச் சொல்வார்கள்.

ராமலிங்கம் சார் அன்று மத்தியானமே எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டார். "ஒண்ணும் கஷ்டமில்லம்மா சரோஜா. ஆள் இல்லாதவங்களா, எழுந்து வேலை செய்ய முடியாதவங்களா, அத மட்டும் பாரு. வேலை செய்யறாங்கன்னு தெரிஞ்சா ஃபைல மூடிடு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவரும் தலையாட்டினார். டீக்கடையில், ரேஷன் கடையில், கோயில் பிரகாரத்தில் எங்கே இந்தப் பேச்சு வந்தாலும் இரண்டே அபிப்பிராயம்தான் கேட்டிருக்கிறேன். ஒன்று, "பெத்த புள்ளைங்க எதுக்கு இருக்குது? சர்க்கார் எதுக்குக் குடுக்கணும்?" இன்னொன்று, "பாவம், வயசாயிடுச்சு, ஒரு மூலையில ஒக்காந்து கஞ்சி குடிக்கட்டும்." மூலையில் உட்காராத வயசானவர்களைப் பற்றி யாருக்கும் எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. அவர்களை வயசானவர்களாக யாரும் கணக்கில் எடுத்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

மொட்டை பெட்டிஷன்

அந்த சீட்டில் எனக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தபோது கையெழுத்தில்லாத ஒரு மனு தபாலில் வந்தது. மொட்டை பெட்டிஷன் எங்களுக்குப் புதிதில்லை. பங்காளிச் சண்டை, வேலிச் சண்டை எல்லாம் கடைசியில் எங்கள் தபால் பெட்டிக்குத்தான் வரும். ஆனால் இந்த மனுவில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு சந்திப்பிழை கிடையாது. 'திருப்பருத்திக்குன்றம் காலனியில் வசிக்கும் பச்சையம்மாள் என்பவர் அரசின் முதியோர் உதவி பெற்றுக்கொண்டே வயலில் நடவு வேலைக்குச் செல்கிறார். தாங்கள் நேரில் விசாரித்து அவரை எச்சரிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

'எச்சரிக்கும்படி' என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. பென்ஷனை நிறுத்தச் சொல்லி எழுதுகிறவர்கள்தான் உண்டு. எச்சரித்தால் போதும் என்று யாரும் எழுதியதில்லை.

விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., போக வேண்டும். அவர் வேறு வேலையில் இருந்தார். தாசில்தார் என்னைக் கூப்பிட்டு, "பொம்பளங்க விஷயம், நீங்களே போய்ட்டு வாங்க. தலையாரிக்குச் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து காலையிலேயே கிளம்பி, வேகவதியைத் தாண்டி நடந்தேன். ஜைனர் கோயில் கோபுரத்துக்குக் கீழே தலையாரி காத்திருந்தார். "வூட்டுல இருக்காதும்மா. இந்நேரம் நயினார் கழனியில இருக்கும்" என்று சாதாரணமாகச் சொன்னார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான் அது.

கழனியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று, "பச்சையம்மா யாரு?" என்று கேட்டேன். ஒருவரும் நிமிரவில்லை. கைகள் மட்டும் நின்றுவிட்டன. கையில் ஃபைலோடு வரப்பில் வந்து நிற்கிற பெண் எதற்கு வந்திருப்பாள் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. யாராவது ஒருத்தி, "இங்க இல்லம்மா" என்று சொல்லியிருந்தால் நான் திரும்பியிருப்பேன்.

வரிசையின் நடுவிலிருந்து ஒருத்தி நிமிர்ந்தாள். ஒல்லியான, கறுத்த, நெடுநெடுவென்ற உடம்பு. தலை முழுக்க வெள்ளை. "நான்தாம்மா" என்றாள்.

சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு வரப்புக்கு வந்தாள். மூச்சு வாங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எனக்கு எதிரே நின்றாள். அவளுக்குப் புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது, ஒரே பிள்ளை சின்ன வயசிலேயே போய்விட்டான் என்பதெல்லாம் ஃபைலில் இருந்தது.

"நடவுக்கு வர்றீங்களா?"

"வந்துக்கினுதானே இருக்கேன். நீயே பாக்கற."

"பென்ஷன் வாங்கிக்கிட்டு வேலை செய்யக் கூடாதும்மா."

"இது வருஷத்துல எத்தினி நாளுமா? நடவு ஒரு பத்து நாளு, களை ஒரு பத்து நாளு. அதுக்கப்புறம் அடுத்த நடவு வரைக்கும் ஒண்ணுமில்ல. அத வெச்சிக்கினு வருஷம் பூரா எப்படித் திங்கறது? நீயே சொல்லு."

நிலத்துக்காரர் நயினார் குடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். அவருக்கும் பயம். "நான் கூப்பிடலம்மா. அவங்களா வர்றாங்க. வேணாம்னு சொன்னா ஒரு வாரம் என்கிட்ட பேச மாட்டாங்க. வயசானவங்கள வேலை வாங்கறேன்னு என் பேருதான் கெட்டுப்போவுது."

"உன் பேரு ஒண்ணும் கெடாது நயினாரே" என்றாள் பச்சையம்மாள். "எல்லாரு வரிசையும் கோணும். என் வரிசை கோணாது. அதுக்குத்தான் நடுவுல நிக்க வெக்கறாங்க. என்னப் பாத்துத்தான் ரெண்டு பக்கமும் நடறாங்க." பிறகு என்னிடம், "எழுதிக்கோ. நடறான்னே எழுதிக்கோ. பொய் சொல்ல மாட்டேன்" என்று கட்டைவிரலை நீட்டினாள்.

இங்கேதான் நான் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்தேன். உள்ளதை எழுதினால் பென்ஷன் போய்விடும். அது இல்லாவிட்டால் நடவு இல்லாத மாசங்களில் இவள் பட்டினி. ஆகவே தலையாரியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் மெதுவாகப் பேசினேன்.

"இதோட வேலைக்கு வர்றத நிறுத்திடுங்க. 'தற்போது வேலைக்குச் செல்வதில்லை'ன்னு எழுதிக்கிறேன். பென்ஷன் பாட்டுக்கு வரும்."

"நிறுத்திட்டு இன்னா பண்றது?"

"வீட்ல ரெஸ்ட் எடுங்க. இவ்ளோ நாள் உழைச்சது போதாதா?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கழனியைப் பார்த்தாள். வரிசையின் நடுவில் அவள் விட்டுவந்த இடம் காலியாக இருந்தது. இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் இன்னும் நடத் தொடங்கவில்லை.

"சரிமா" என்றாள்.

கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டேன். ஆபீஸுக்கு வந்து ரிப்போர்ட் எழுதினேன். ராமலிங்கம் சார் படித்துவிட்டு, "பரவால்லம்மா, பாவ புண்ணியம் பாத்து எழுதியிருக்க" என்றார். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

சரிபார்ப்பு

சித்திரையில் பென்ஷன்தாரர்களை நேரில் பார்த்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஆள் உயிரோடு இருக்கிறாரா, அதே இடத்தில் இருக்கிறாரா என்று பார்த்து ரிஜிஸ்டரில் டிக் போட வேண்டும். திருப்பருத்திக்குன்றம் காலனிக்கு நானே போனேன். நடவுக் கழனியில் பச்சையம்மாளைப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

தலையாரி அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். பதில் வந்தது, ஆள் வரவில்லை. வெகு நேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வெளியே வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் உப்பியிருந்தது. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். பகலெல்லாம் உள்ளேயே இருப்பவள் என்று தெரிந்தது.

தலையாரி திருப்தியாகச் சிரித்தார். "இப்பத்தாம்மா பென்ஷன் வாங்கற ஆளு மாதிரி இருக்குது."

அவர் கெட்டவர் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னார். அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு ரிஜிஸ்டரில் டிக் போட எனக்குக் கை வரவில்லை.

பச்சையம்மாளுக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம். "நீ சொன்ன மாதிரியே படுத்துக்கினு இருக்கேம்மா" என்றாள். குத்திக்காட்டவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியதைத் தெரிவித்தாள், அவ்வளவுதான். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கேட்பதற்காகச் சேர்த்துவைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கோழி வளக்கலாமாமா? அது வேலையா?"

"வளக்கலாம்" என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

"முட்டைய வித்தா?"

நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு கழனிக்குப் போவும்போது புள்ளையப் பாத்துக்கோன்னு விட்டுட்டுப் போவுது. பாத்துக்கினா வேலையா? நயினார் வூட்டுல வெதக்கடல உரிக்கக் கூப்பிட்டாங்க. ஒக்காந்துக்கினே உரிக்கறதுதான். உரிச்சா எழுதிடுவாங்களா?" கொஞ்சம் யோசித்தாள். "கொடத்துல தண்ணி இட்டார்றதக்கூட நிறுத்திட்டேன். எவனாவது பாத்துட்டு மறுபடியும் எழுதிப்போட்டுட்டான்னா? பக்கத்து வூட்டுல ஊத்துறாங்க."

நயினார் வீட்டில் வேலையில்லாத மாட்டைக்கூட இரண்டு நாளைக்கு மேல் கட்டிப்போட மாட்டார்கள். நான் ஏழு மாதம் கட்டிப்போட்டிருந்தேன்.

டிக் போடாமலே வேகவதி மணலில் நடந்து திரும்பினேன்.

எழுதியவர்

அந்த வாரக் கடைசியில் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா. முப்பது வயதுக்குள் இருக்கும். "என் பேரு தேவராஜ். எலிமென்டரி ஸ்கூல் வாத்தியார். பச்சையம்மா எங்க அத்தை. எங்கப்பா கூடப் பொறந்தவங்க" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்த மொட்டை பெட்டிஷன் நான்தான் போட்டேன்."

நான் பேனாவை மூடி வைத்தேன். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக ஆச்சரியம்.

"சொந்த அத்தை மேலயா?"

"பென்ஷன நிறுத்தணும்னு எழுதலம்மா. மனுவ எடுத்துப் பாருங்க. எச்சரிக்கச் சொல்லித்தான் எழுதினேன். நான் சொன்னா கேக்கல. எங்கப்பா சொன்னாலும் கேக்கல. ஆபீஸர் வந்து சொன்னா பயந்து நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன்."

"ஏன் நிறுத்தணும்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க ஆளுங்க தலைமுறை தலைமுறையா சேத்துலதாம்மா நின்னாங்க. எங்க தாத்தா செத்த அன்னிக்குக் காலையிலகூட கழனிக்குப் போனாரு. போவலன்னா அன்னிக்குச் சோறு கெடையாது. அத நெனச்சிப் பாருங்க. நான் படிச்சேன். வேலைக்கு வந்தேன். எங்க ஆளுங்கள்ல ஒருத்தராவது வயசான காலத்துல யாரு வயல்லயும் குனியாம ஒக்காந்து சாப்புடணும்னு எனக்கு ஆசை. ஸ்கூலுக்குப் போற வழியில அத்தை குனிஞ்சி நட்டுக்கினு இருப்பாங்க. கூட வர்ற வாத்தியாருங்க பாப்பாங்க. எனக்கு..." அவர் நிறுத்தினார். "வெக்கமாவும் இருந்தது, வயித்தெரிச்சலாவும் இருந்தது."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. இன்றும் முடியாது.

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"அத்தை எழுந்து நடக்கல. நான் போனா பேசறதுமில்ல. 'ஒக்கார வெச்சிட்ட இல்ல, போ'ன்னு மட்டும் சொன்னாங்க. நான்தான் எழுதினேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. ஏதாவது பண்ண முடியுமான்னு கேக்க வந்தேன்."

அவர் கேட்ட எச்சரிக்கையைக் கொடுத்தது நான். இரண்டு பேரும் அவளுக்கு நல்லதுதான் நினைத்தோம். என் எதிரே அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் நானும் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆர்டரைப் படித்தது

அன்று சாயங்காலம் ஓ.ஏ.பி. சம்பந்தப்பட்ட பழைய ஆர்டர்கள் கட்டியிருந்த ஃபைலைத் தேடி எடுத்தேன். பீரோவுக்கு மேலே தூசியில் இருந்தது. அந்த சீட்டில் ஒன்றரை வருஷம் இருந்திருக்கிறேன், அதுவரை அதைப் பிரித்ததில்லை. ராமலிங்கம் சார் சொன்னதுதான் எனக்கு ரூல். அவருக்கு முன்னால் இருந்தவர் சொன்னது அவருக்கு ரூல்.

மூன்று தரம் படித்தேன். பிறகு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், வேலை செய்யறவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு இதுல எங்க இருக்குது?"

"என்னம்மா இது? அதுதானே அடிப்படை."

"இல்ல சார். உழைச்சுப் பிழைக்க முடியாதவங்களுக்குக் குடுக்கணும்னு இருக்குது. உழைக்கவே கூடாதுன்னு இல்ல. பச்சையம்மா வருஷத்துல இருபது நாள் நடவு நட்டுப் பிழைச்சிட முடியுமா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இத்தன வருஷமா நாம இப்படித்தானே பாத்துக்கினு இருக்கோம்" என்றார் கடைசியில். மெதுவாகச் சொன்னார். மூடிய ஃபைல்கள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கும் வந்தன. என் கையால் மூடியவை மட்டும் ஒரு கட்டு இருக்கும்.

சர்க்கார் எழுதியது ஒன்று. ஊர் அதைத் தனக்குத் தெரிந்த மாதிரி படித்தது. ஊரில் பிறந்து வளர்ந்த நாங்களும் ஊர் படித்த மாதிரியே படித்தோம்.

"தாசில்தார் ஒத்துக்க மாட்டாரும்மா, வெறும் வார்த்தைய வெச்சிக்கினு" என்றார் ராமலிங்கம் சார். "ஒரு பேப்பர் வேணும். டாக்டர்கிட்ட போ."

மறுநாள் தேவராஜ் அத்தையைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, தள்ளிக்கொண்டே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் அவள் அவரிடம் பேசவில்லையாம். ஆனால் கேரியரில் விழாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாளாம். அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

லேடி டாக்டர் அவளைப் படுக்கவைத்துக் காலை அமுக்கிப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், நடக்கச் சொன்னார். நாலு தப்படியில் அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஏழு மாசமா ஒக்காந்துக்கினு இருக்கேம்மா."

"அதுக்கு முன்னாடி?"

"நட்டுக்கினு இருந்தேன்."

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "யாரு இவங்களை உக்கார வெச்சது?"

தேவராஜ் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "நான்தான் டாக்டர்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "வயசானா உக்காரணும்னு யாரு உங்களுக்குச் சொன்னது? நாளைக்கு உங்களையும் இப்படித்தான் உக்கார வைப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். 'முழு நேர உழைப்பால் பிழைக்க இயலாதவர். உடல்நலத்துக்காகத் தினமும் மிதமான வேலை செய்வது அவசியம்.' கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

டாக்டர் சீட்டையும் ஆர்டரையும் சேர்த்து ஒரு நோட் எழுதி, தாசில்தார் முன்னால் வைத்தேன். முன்பு நான் எழுதிய ரிப்போர்ட்டில் என்ன செய்தேன் என்பதையும் அதில் மறைக்காமல் எழுதியிருந்தேன். அதற்காக எனக்கு மெமோ வரலாம். வேறு தாலுகாவுக்குத் தூக்கிப் போடலாம்.

தாசில்தார் நிதானமானவர். அதிகம் பேச மாட்டார். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அடுத்த மாசம் அம்பத்தஞ்சு முடியுது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"இன்னும் பத்து வருஷம் ஜமாபந்தி கணக்குப் பாக்க முடியும் என்னால. போதும், வீட்டுக்குப் போன்னு சர்க்கார் சொல்லுது. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். ஈஸி சேர் வாங்கி வெச்சிருக்கான் என் பையன்." பேனாவைத் திறந்தார். "அத மடிச்சு வைடான்னு சொன்னேன். புரியாம பாக்கறான்."

'உதவித்தொகை தொடரலாம். மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஃபைலை என்னிடம் தள்ளும்போது, "மூடின ஃபைலெல்லாம் எடுத்து மறுபடியும் பாருங்க. நான் இருக்கறதுக்குள்ள கொண்டாந்தா கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ராமலிங்கம் சாரும் நானும் அந்த மாசம் முழுக்க ஆறு மணிக்கு மேல்தான் வீட்டுக்குப் போனோம். சிலரை மீண்டும் சேர்க்க முடிந்தது. சிலர் வீட்டு வாசலில் போய்க் கேட்டபோது, ஆள் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

வரப்பில்

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் நன்றாக இருக்கும். அப்படி ஆகவில்லை. அடுத்த சம்பாவுக்குள் பச்சையம்மாளின் கால் வீக்கம் வடிந்தது. நடந்தாள். தண்ணீர் எடுத்தாள். கோழி வளர்த்தாள், முட்டையும் விற்றாள். ஆனால் சேற்றில் குனிந்து நிற்கிற வலு திரும்பி வரவில்லை. அந்த வயதில் ஏழு மாதத்தில் போனது ஏழு மாதத்தில் வருவதில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

நடவு சமயத்தில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நானாகவே போய்ப் பார்த்தேன். நாற்றங்காலுக்குப் பக்கத்தில் வரப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, பறித்துப் போட்ட நாற்றைப் பிடி பிடியாகச் சேர்த்து முடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கழனியில் நடுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள். "ஏய், மூணாவது ஆளு, உன் வரிசை எங்கடி போவுது? ஏனாத்தூருக்கா?" தேவராஜ் பள்ளிக்கூடம் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி அவளிடம் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு வார்த்தை பேசினாள். அவருக்கு இன்னும் அவள் அங்கே உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டும் என்று வந்ததைக் கேட்டேன்.

"என் மேல கோவமாம்மா?"

அவள் ஒரு முடியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"கோவம் இன்னாத்துக்கு? நீ நல்லதுதான் நெனச்ச. அவனும் நல்லதுதான் நெனச்சான். நயினாரும் நல்லதுதான் நெனச்சாரு. எல்லாரும் எனக்கு நல்லது நெனச்சீங்க. உனக்கு இன்னா வேணும்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல."

நான் கொஞ்சம் நாற்றைக் கையில் எடுத்து முடி கட்டப் பார்த்தேன். அவள் அதைப் பிடுங்கிப் பிரித்துப் போட்டாள். "இப்படிக் கட்டினா நடறவ கையில உதுந்துடும்" என்றாள்.

அதற்குப் பிறகு ஆர்.ஐ. ஆனேன், டெபுடி தாசில்தார் ஆனேன், ஊர் ஊராக மாற்றலில் போனேன். இன்றைக்கு சர்வீஸுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் ஏதாவது சொல்லச் சொன்னால் இரண்டுதான் சொல்வேன். ஆர்டரை நீங்களே படியுங்கள், பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். ஆளிடம் போனால், என்ன முடியாது என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், என்ன வேண்டும் என்றும் கேளுங்கள்.

அந்த இரண்டாவது கேள்வியை நான் எந்த ஃபாரத்திலும் சேர்க்க முடிந்ததில்லை. அதற்கென்று கட்டம் கிடையாது. வாயால்தான் கேட்டேன். ஒரு பெரியவர் கண்ணாடி கேட்டார். ஒரு அம்மாள், மருமகளிடம் சொல்லி அடுப்படிக்குள் தன்னை விடச் சொன்னாள். நிறையப் பேர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

ஒரு தரம் செவிலிமேட்டில், வாசலில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். மகன்கள் இருந்தும் இல்லாதவர். பென்ஷன் விசாரணைக் கேள்விகளுக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னவர், இதைக் கேட்டதும் நிறுத்திவிட்டார். மோவாயைத் தடவினார். தெருவைப் பார்த்தார். நான் பொறுத்திருந்தேன்.

"தெரிலம்மா" என்றார் கடைசியில். "இத யாரும் கேட்டதில்ல. ஒடனே கேட்டா எப்படிச் சொல்றது? யோசிச்சி வைக்கறேன். அடுத்த திங்கக்கெழம வர்றியா?"

போனேன்.